அறுபதுக்குக் கீழே எண் கிடையாது

வாங்குடா பேராண்டி, தாராளமா வாங்கு. துபாய் வெயில்ல நீ காஞ்சு சம்பாதிச்ச காசு, உன் கை, உன் மணிக்கட்டு. நடுவுல பூந்து தடுக்க நான் யாரு? உங்க அம்மாதான் காலையிலேர்ந்து தலையில கை வச்சுக்கிட்டு, "பெரியப்பா, ஒரு கடியாரம் பத்து லட்சத்துக்கு மேலயாம், நீங்களாவது புத்தி சொல்லுங்க"ன்னு புலம்பிக்கிட்டிருக்கு. சொல்லத்தான் உன்னைத் திண்ணைக்குக் கூப்பிட்டேன். என் புத்தி இதுதான்: வாங்கு.

அந்தக் காசுக்கு விசைப்படகுல ஒரு பங்கு கெடைக்கும்னு அது சொல்லுது. வெவரம் பத்தல. விசைப்படகுன்னா டீசல் ஊத்தணும், வலை கிழிஞ்சா தைக்கணும், வருஷா வருஷம் ஏப்ரல் 15 வந்தா தடைக்காலம்னு 61 நாள் கரையில சும்மா கெடக்கும். நீ வாங்கப் போற கடியாரத்துக்கு அந்தத் தொல்லையே கெடையாது. அது 365 நாளும் சும்மாதான் கெடக்கும்.

என்ன, சிரிக்கிற? நான் ஏதோ வெத்தலைப் பொட்டிக்காரன்னு நெனைக்காத. காரைக்கால்ல மேசை போட்டு, கண்ணுல லென்சை மாட்டிக்கிட்டு, காளிக்குப்பம், அக்கம்பேட்டை, கிளிஞ்சல்மேடுன்னு அத்தனை கரையோரத்துக்காரன் வாட்சையும் பிரிச்சுப் பாத்தவன். சிங்கப்பூர் போனவன் கொண்டாந்த சீக்கோ, ரிக்கோ, பெங்களூர்ல செஞ்ச எச்.எம்.டி. ஜனதா, பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்து பென்ஷனோட வந்தவர் கையில ஏதோ ஒரு சுவிஸ் வாட்ச், எல்லாத்துக்கும் ஒரே சீக்குதான்: உப்புத் தண்ணி. மூடியைத் தொறந்தா ஹேர் ஸ்பிரிங் துருவேறி நிக்கும். அதனால கடியாரத்தோட வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். உனக்கு அதோட முகம் மட்டும்தான் தெரியும்.

சரி, முகத்துலேர்ந்தே ஆரம்பிப்போம். ரோலெக்ஸ் டேட்டோனா. பந்தயக்காரன் கடியாரம். கண்ணாடியைச் சுத்தி ஒரு வளையம், அதுல எண்ணா அடிச்சிருக்கானே, அதுக்குப் பேரு டாக்கிமீட்டர். கிலோமீட்டர் கல்லு ஒண்ணைத் தாண்டுறப்ப மேல் பொத்தானை அமுக்கு. நடு முள்ளு ஓட ஆரம்பிக்கும். அடுத்த கல்லு வந்ததும் மறுபடி அமுக்கு, நின்னுடும். எந்த எண்ணுக்கு நேரா நிக்குதோ அதுதான் மணிக்கு நீ போன வேகம். 30 செகண்டுல தாண்டினா 120. 45 செகண்டுன்னா 80. மணிக்கு 3600 செகண்டு, அதை எடுத்துக்கிட்ட செகண்டால வகுக்கிற கணக்குதான், வேற மாயம் ஒண்ணும் இல்ல. ஆனா நடு முள்ளு ஒரு சுத்து சுத்தவே 60 செகண்டு. அதுக்கு மேல ஆச்சுன்னா கணக்கு ஒதைக்கும். அதனால வளையத்துல கடைசி எண் 60. மேல 400 வரைக்கும் போகும். 60க்குக் கீழே ஒண்ணும் கெடையாது.

இப்ப நீ பைக்கை எடுத்துக்கிட்டு மண்டபத்தூர்லேர்ந்து காரைக்காலுக்குப் போ. வரிச்சிக்குடியில ஆடு மறிக்கும். கோட்டுச்சேரியில பள்ளிக்கூடம் விடுற நேரம். டவுனுக்குள்ள நொழைஞ்சா, நம்ம ஊரு சரக்கு மலிவுன்னு ஆத்தைத் தாண்டி வந்த வெளியூர்க்காரன் நடு ரோட்டுல நின்னு உனக்கு வழி சொல்லுவான். இதுல 60ஐ எங்கடா தொடுவ? பத்து லட்சத்துக்கு மேல குடுத்து வாங்குற கடியாரத்துல நம்ம கொம்யூனுக்கே எடம் இல்ல. 400ல போறேன்னு வை, ஒன்றரை நிமிஷத்துக்குள்ள காரைக்கால். போய் என்ன பண்ணுவ? கடைக்காரன் பத்து மணிக்குத்தான் ஷட்டரைத் தூக்குவான்.

டேட்டோனான்னா என்னன்னு நெனைச்ச? அமெரிக்காவுல ஃபுளோரிடாவுல ஒரு கடலோரத்து ஊரு. அங்க மணல் ஈரத்துல இறுகிக் கெடக்கும், கார் விடலாம். 1935 மார்ச்சுல மால்கம் காம்பல்னு ஒரு இங்கிலீஷ் துரை அந்த மணல்லயே மணிக்கு 276 மைல் ஓட்டினாரு. நம்ம கணக்குல 445 கிலோமீட்டர். அவரு கையில ரோலெக்ஸ் இருந்துச்சுன்னு கம்பெனிக்காரன் இன்னைய வரைக்கும் சொல்லிக்கிட்டிருக்கான். நீயும் ஆசைக்கு ஒரு நா நம்ம கரையில பைக்கை எறக்கிப் பாரு. கரைவலை இழுக்குற ஆளு நாலு பேரு வந்து தூக்கி விடணும். அவங்களுக்கு டீ வாங்கிக் குடுத்துட்டு வா.

அந்த மணல் ரோட்டுப் பந்தயம் 1958 வரைக்கும் நடந்துச்சு. மறு வருஷம் பில் பிரான்ஸ்ங்கறவரு பெருசா, ஓரம் எல்லாம் சரிவா தூக்கிக் கட்டின ஓட்டக்களத்தைத் தொறந்தாரு. 1959 பிப்ரவரி 22ல மொதப் பந்தயம், 500 மைல். கடைசியில ரெண்டு காரு ஒட்டிக்கிட்டு கோட்டைத் தாண்டுது. ஒருத்தர் ஜெயிச்சதாச் சொல்லிக் கோப்பையும் குடுத்துட்டான். அப்பறம் சந்தேகம். போட்டோவைப் பாத்தான், சினிமாச் சுருளைப் பாத்தான், மூணாம் நாள் தீர்ப்பை மாத்தி லீ பெட்டிதான் ஜெயிச்சாருன்னு சொன்னான். கடியாரம் பாத்துச் சொல்ல வேண்டியதைக் காலண்டர் பாத்துச் சொன்ன ஊரு அது. அந்த ஊர் பேரை வச்ச கடியாரத்துல தேதி கெடையாது, கவனிச்சியா? நீ எவ்வளவு துட்டைக் கொட்டினாலும் சரி, டேட்டோனாவுல இன்னைக்கு என்ன தேதின்னு பாக்க முடியாது. மளிகைக் கடையில சும்மா குடுக்கிற நாள்காட்டியிலதான் பாக்கணும்.

1962ல அந்தக் களத்துக்கு ரோலெக்ஸ் அதிகாரபூர்வ கடியாரமா வந்துச்சு. அந்த வருஷம் பிப்ரவரியில அங்க மூணு மணி நேரப் பந்தயம். டான் கர்னின்னு ஒரு ஓட்டுநர், லோட்டஸ் காரு, நல்லா முந்தி ஓடிக்கிட்டிருந்தாரு. முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறப்ப இன்ஜின் வெடிச்சுப் போச்சு. மனுஷன் பதறல. முடிவுக் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னாடி, சரிவோட உச்சியில வண்டியை நிறுத்திட்டு உக்காந்துட்டாரு. மூணு மணி நேரம் ஆகிக் கொடி ஆடினதும் ஸ்டார்ட்டர் மோட்டாரை ஒரு தட்டு தட்டி, சரிவுல உருட்டி விட்டு, ஊர்ந்துக்கிட்டே கோட்டைத் தாண்டினாரு. ஜெயிச்சவரு அவருதான். அவரு தாண்டின வேகத்துக்கும் அந்த வளையத்துல எண் கெடையாது. எனக்கு இந்தக் கதை ரொம்பப் புடிக்கும். படிச்ச நாள்லேர்ந்து டவுன் பஸ்ஸு தாமதமானா கோவமே வர்றதில்ல.

மறு வருஷம், 1963ல, 6239ங்கற நம்பரோட அந்தக் கடியாரம் கடைக்கு வந்துச்சு. அதுவரைக்கும் டயலுக்குள்ள இருந்த வேகக் கணக்கை வெளி வளையத்துக்கு மாத்துனான். புதுசாக் கண்டுபுடிச்சான்னு நெனைச்சுடாத. ஒமேகாக்காரன் 1957லயே அதைப் பண்ணிட்டான். பேரும் மொதல்ல டேட்டோனா இல்ல. விளம்பரத்துல "லெ மான்"னு போட்டான். நம்ம பழைய பிரெஞ்சுக்காரன் நாட்டுப் பந்தய ஊரு. அமெரிக்காவுல விக்கணும்னா அமெரிக்க ஊர் பேரு இருக்கட்டும்னு அப்பறம் மாத்திக்கிட்டான். வேகத்துல ஆளு எப்படியோ, வியாபாரத்துல நம்ம கீழவீதிச் செட்டியாரை ஜெயிச்சுடுவான்.

பந்தய நேரத்தைப் புடிக்கிற மோகமே பிரெஞ்சுக்காரன்கிட்ட வந்ததுதான். காரைக்காலை இங்கிலீஷ்காரன்கிட்டேர்ந்து திரும்ப வாங்கி நாலஞ்சு வருஷம் இருக்கும், 1821 செப்டம்பர், பாரிஸ்ல குதிரைப் பந்தயம். நிக்கோலா ரியூசெக்னு ஒரு கடியாரக்காரர் ஒரு பொட்டியைத் தூக்கிக்கிட்டுப் போனாரு. குதிரை கோட்டைத் தாண்டுற நேரம் பொத்தானை அமுக்கினா, சுத்துற தட்டு மேல ஒரு சொட்டு மை விழும். எத்தனை குதிரையோ அத்தனை சொட்டு. அதுக்கும் முன்னாடி 1816லயே லூயி முவானேங்கறவரு செகண்டை அறுபதாப் பங்கு போடுற ஒண்ணைச் செஞ்சு வச்சிருந்தாரு. அது பந்தயத்துக்கு இல்ல, நட்சத்திரம் பாக்க.

கெரகம் பாக்குறதுக்கு நம்ம மாவட்டத்துக்கு வந்து சொல்லணுமா? திருநள்ளாறுல நிக்கிறவரு யாரு? ராசிக்கு ரெண்டரை வருஷம், முழுசா ஒரு சுத்து வர 29½ வருஷம். அத்தனை கெரகத்துலயும் மெள்ளமா நடக்குறவரு. அவரு வீடு மாறுறாருன்னா லட்சக்கணக்குல சனம் வந்து நளதீர்த்தத்துல முழுகுது. இந்த ஊருல மரியாதை யாருக்குன்னு பாத்துக்க.

இன்ஜினுக்கு வருவோம். காரு வாங்குறப்ப பானெட்டைத் தூக்கிப் பாக்குறவன் கடியாரத்துல மட்டும் ஏண்டா பாக்க மாட்டேங்குற? 1963லேர்ந்து இருபத்தஞ்சு வருஷம் அந்த டேட்டோனாவுக்குள்ள ஓடினது ரோலெக்ஸ் இன்ஜினே இல்ல. வால்ஜூ 72ன்னு வெளியில வாங்கினது. அதைத் தேச்சு மாய்ச்சு தன் பேரைப் போட்டுக்கிட்டான். நல்ல இன்ஜின்தான், தப்புச் சொல்லல. ஆனா சாவி குடுக்கணும். 1969ல உலகத்துல மூணு கோஷ்டி, கையசைவுலயே சாவி ஏறுற பந்தயக் கடியாரத்தைப் போட்டி போட்டுக்கிட்டு எறக்குச்சு: சுவிஸ்ல ஜெனித் ஒரு பக்கம், ஹோயர், பிரெய்ட்லிங் கூட்டாளிங்க ஒரு பக்கம், ஜப்பான்ல சீக்கோ ஒரு பக்கம். ரோலெக்ஸ் சேரல. அது சேந்தது 1988ல. 19 வருஷம் கழிச்சு. பந்தயக் கடியாரம்ங்கறதை மறந்துடாத.

அப்பயும் சொந்த இன்ஜின் இல்ல. ஜெனித்தோட எல் பிரிமெரோவை வாங்கினான். அந்த இன்ஜினுக்கு ஒரு கதை இருக்கு. 1970களோட நடுவுல ஜெனித் முதலாளிங்க, இனிமே பேட்டரி வாட்ச்தான், இந்தப் பழசுக்கான அச்சு, கருவி எல்லாத்தையும் ஒழிச்சுக் கட்டுங்கன்னு உத்தரவு போட்டாங்க. சார்ல் வெர்மோன்னு அங்க ஒரு தொழிலாளி. வாய் பேசாம எல்லாத்தையும் தூக்கிட்டுப் போயி பட்டறைக்கு மேல பரண்ல ஒளிச்சு வச்சுட்டாரு. எது எங்க இருக்குன்னு எழுதியும் வச்சாரு. பத்து வருஷத்துல மறுபடி தேவைப்பட்டப்ப எல்லாம் கெடைச்சுது. பரண்ல பழசைப் போட்டு வைக்கிறேன்னு உங்க பாட்டி என்னைத் திட்டுறப்பல்லாம் நான் வெர்மோவை நெனைச்சுக்குவேன்.

அந்த எல் பிரிமெரோ மணிக்கு 36,000 தடவை துடிக்கும், செகண்டுக்குப் பத்து. அதனால பத்துல ஒரு பங்கு செகண்டை அளக்கலாம். ரோலெக்ஸ்காரன் அதை வாங்கிட்டு வந்து என்ன பண்ணினான் தெரியுமா? தேய்மானம் கொறையட்டும், எண்ணெய் நாள்பட நிக்கட்டும்னு 28,800க்குக் கொறைச்சான். செகண்டுக்கு எட்டு. பந்தயக் கடியாரத்தோட வேகத்தைக் கொறைச்சு வித்தவன் அவன் ஒருத்தன்தான். மேசைக்காரனாச் சொல்றேன், அது சரியான முடிவு. ரசிகனா நீ கேட்டா ஒத்துக்க மாட்ட.

2000ல ஒருவழியா சொந்த இன்ஜின், 4130. அதுக்கு நான் கையெடுத்துக் கும்புடுவேன். பழைய வகையில பொத்தானை அமுக்கினா, ஓடிக்கிட்டிருக்கிற செக்குல ரெண்டாவது மாட்டைக் கொண்டாந்து பூட்டுற கணக்கா, பல்லோட பல்லு வந்து பக்கவாட்டுல சேரும். சேர்ற அந்த நேரத்துல நடு முள்ளு லேசா ஒரு துள்ளு துள்ளும். 4130ல தட்டு மேல தட்டு அழுந்திப் புடிக்குது, துள்ளல் கெடையாது. உறுப்புங்க எண்ணிக்கையும் கொறைவு. முழுசா சாவி ஏறினா மூணு நாள், 72 மணி நேரம் ஓடும். 2016ல ஸ்டீல் வகைக்கும் வெளி வளையத்தைக் கருப்பு பீங்கான்ல போட்டான், கீறல் விழாது. 2023ல அறுபது வருஷம் ஆச்சுன்னு 4131. அதே வருஷம் லெ மான் பந்தயத்துக்கு நூறு வருஷம்னு வெள்ளைத் தங்கத்துல ஒண்ணு தனியா விட்டான். கைவிட்ட பேரைத் திரும்பக் கட்டிக்கிட்டான், நகை போட்டு.

பொத்தானைப் பத்தி ஒரு எச்சரிக்கை. 1965ல அவன் பொத்தானுக்கு மரை போட்டான். தண்ணி ஏறாது. எங்க கரைக்காரனுக்கு அந்தப் புத்தி அப்பவே இருந்திருந்தா நான் மேசையே போட்டிருக்க மாட்டேன். ஆனா அமுக்கணும்னா மொதல்ல அதைத் திருகித் திருகி இளக்கணும். ரோட்டோரத்துல கல்லு வருது, நீ ஒரு கையில ஹேண்டில்பாரைப் புடிச்சுக்கிட்டு இன்னொரு கையை... வேணாம்டா. பின்னாடி யாரையாவது உக்கார வச்சுக்க. அந்தப் புள்ளைகிட்ட கடியாரத்தைக் கட்டி விட்டுட்டு நீ ஓட்டு.

நேரம் சரியாக் காட்டுமான்னு கேக்குற. காட்டும். நாளைக்கு ரெண்டு செகண்டு முன்ன பின்ன போகலாம்னு அவனே சொல்றான். சாவி வாட்சுக்கு அது பெரிய வித்தைதான். ஆனா 1969 கிறிஸ்துமஸ் அன்னிக்கு சீக்கோக்காரன் குவார்ட்ஸ் கடியாரத்தை எறக்கினதுலேர்ந்து அந்த வித்தைக்கு வேலை போச்சு. தமிழ்நாட்டு அரசோட டிட்கோவும் டாடாவும் சேந்து 1984ல தொடங்கின டைட்டன், ஓசூர்ல செஞ்சு தள்ளின பேட்டரி வாட்சு உங்க அப்பன் கல்யாணத்துக்கு வந்துச்சே, அது மாசத்துக்கே பதினஞ்சு செகண்டுதான் தப்பும். உன் தம்பி செல்போன் அதுகூடத் தப்பாது.

இன்னைக்குப் பந்தயத்துல எவனும் கைக் கடியாரத்தைப் பாக்குறதில்லைங்கறது உனக்கே தெரியும். கார்ல ஒரு சின்னப் பொட்டி வச்சிருப்பான், அது கோட்டைத் தாண்டுறப்ப தன்னால சொல்லிடும், செகண்டுல ஆயிரத்துல ஒரு பங்கு வரைக்கும். 1997ல ஸ்பெயின்ல ஹெரஸ்ங்கற ஊருல ஃபார்முலா ஒன் தகுதிச் சுத்து. வில்னூவ், ஷுமாக்கர், ஃபிரென்ட்சன், மூணு பேரும் 1 நிமிஷம் 21.072 செகண்டு. ஆயிரத்துல ஒரு பங்குகூட வித்தியாசம் இல்ல. செகண்டை எட்டாப் பிரிக்கிற உன் கடியாரத்தை அங்க கொண்டு போனா உள்ளயே விட மாட்டான். நம்ம கோயமுத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005ல அமெரிக்காவுல நாலாவதா வந்தாரே, அது நெனைவிருக்கா? டயர் தகராறுல பதினாலு காரு வெளியில போயிடுச்சு. மிச்சம் ஆறு காருல நாலாவது. முத முதல்ல ஒரு இந்தியனுக்கு ஃபார்முலா ஒன்னுல புள்ளி கெடைச்சது அன்னிக்குத்தான். கடைசி வரைக்கும் நின்னு ஓட்டினவனுக்குக் கெடைச்சது. நான் அதைக் கொறைச்சுச் சொல்ல மாட்டேன். உன் அஜித் கோஷ்டி 2025 ஜனவரியில உங்க துபாய்லயே 24 மணி நேரப் பந்தயத்துல தன் வகுப்புல மூணாவது வந்துச்சு. ராத்திரி முழுக்க நீ போன்ல கத்தினது எங்களுக்குத் தூக்கம் போனதுலேர்ந்து தெரியும்.

அப்ப எதுக்கும் ஒதவாத ஒண்ணுக்கு எதுக்கு இந்த வெலைன்னு கேக்குறியா? கேக்க மாட்ட, ஆனா நான் சொல்லுவேன். 1960கள்ல அதே டேட்டோனாவுல ஒரு வகை டயல் வந்துச்சு. உள்ள இருக்கிற சின்ன வட்டங்கள்ல கோட்டு நுனிக்கெல்லாம் குட்டிச் சதுரம், ஓரத்துல வேற நெறம். ஒருத்தனும் வாங்கல. கடைக்காரன் கண்ணாடிப் பொட்டியில தூசி படிஞ்சு கெடந்துச்சு. பால் நியூமன்னு ஹாலிவுட் நடிகர், 1969ல வந்த ஒரு படத்துக்காகக் காரோட்டப் பழகினவரு, பழகின புத்தி விடல, நெசமாவே பந்தயத்துல எறங்கிட்டாரு. அவரு சம்சாரம் ஜோன் உட்வர்டுக்கு அடி வயித்துல நெருப்பு. அப்படி ஒரு கடியாரத்தை வாங்கி, பின்பக்கம் "பாத்து ஓட்டு, இது நான்"ங்கற மாதிரி எழுதிக் குடுத்துச்சு. விலை சில நூறு டாலர்.

1984ல வீட்டுக்கு வேலை பாக்க வந்த பையன், மகளோட சிநேகிதன். மணி என்னப்பான்னு இவரு கேட்டாரு. என்கிட்ட வாட்ச் இல்லைன்னுட்டான். கையிலேர்ந்து கழட்டிக் குடுத்துட்டாரு, சாவி குடுத்தா ஒழுங்கா ஓடும்னு சொல்லி. அது 2017 அக்டோபர்ல நியூயார்க்ல ஏலத்துக்கு வந்துச்சு: 1,77,52,500 டாலர். அன்னைய கணக்குல 115 கோடி ரூபா வாக்குல. விக்காத சரக்குடா அது! ஊரே வேணாம்னு தள்ளினதுதான் இன்னைக்கு ஊர்ல இல்லாத வெலை. உங்க பாட்டி என்னைக் கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து நானும் அந்தக் காலத்துக்குத்தான் காத்துக்கிட்டிருக்கேன். நியூமன் அதோட நிக்கல. 70 வயசுல அந்த டேட்டோனா 24 மணி நேரப் பந்தயத்துல ஓட்டி, 1995ல, தன் வகுப்புல ஜெயிச்ச கார்ல ஒரு ஆளா இருந்தாரு. கெழவன்களை லேசா நெனைக்காத.

இப்ப வாங்கப் போற வழியைச் சொல்றேன். மொதல்ல, எவனோ "ஃபர்ஸ்ட் காப்பி"ன்னு நீட்டுவான், மூவாயிரம் நாலாயிரம்னு. நான் பிரிச்சுப் பாத்திருக்கேன். அதுல சின்ன வட்டம் மூணுல ஒண்ணு கெழமை காட்டும், ஒண்ணு தேதி காட்டும். போலியில தேதி உண்டு, அசல்ல கெடையாது. கண்டுபுடிக்க இதைவிடச் சுளுவான வழி இல்ல. தேதி தெரிஞ்சா போதும்னு நெனைக்கிறவன் போலியையே கட்டிக்கலாம்.

அசலை வாங்கினா சுங்கத்துல சொல்லிட்டு வா. 1949ல பிரெஞ்சு இந்தியாவுக்கும் இந்தியாவுக்கும் இருந்த சுங்க உடன்பாடு முறிஞ்சதுலேர்ந்து 1954 நவம்பர் 1ல கொடி மாறுற வரைக்கும் நம்ம எல்லையில நடந்த கூத்தெல்லாம் நான் அரைக்கால் சட்டையில பாத்தவன். இன்னைக்கு நண்டலாறு சாவடியில பாட்டில் தேடுறான். அன்னிக்கு இந்தியப் பக்கத்துச் சாவடிக்காரன் சட்டைக் கையை மேல தூக்கச் சொல்லி மணிக்கட்டைத் தேடுவான். அந்தப் பழக்கம் ரத்தத்துல இருக்கு, அதான் சொல்றேன்.

ரசீதை லாமினேட் பண்ணி வை. 2022 டிசம்பர்ல தமிழ்நாட்டுல ஒரு கட்சித் தலைவர் கையில பெல் அண்ட் ராஸ் கடியாரம், பிரெஞ்சு ரஃபேல் போர் விமானம் பேருல 500 மட்டும் செஞ்சது. எதிராளி ரசீது எங்கன்னான். அவ்வளவுதான், வெலைவாசி, வெள்ளம், வேலையில்லாமை எல்லாம் ஓரமா ஒதுங்கிப் போச்சு. மாசக்கணக்குல தமிழ்நாடே அந்த ரசீதுக்குக் காத்துக்கிட்டிருந்துச்சு. 2023 ஏப்ரல்ல வந்துச்சு, மூணு லட்சம்னு. உன்னுது அதைப் போல மூணு மடங்குக்கு மேல. நம்ம ஊருப் பஞ்சாயத்தார் எத்தனை மாசம் உக்காருவாங்கன்னு நீயே கணக்குப் போட்டுக்க.

வாங்கிட்டு லாக்கர்ல பூட்டாத. எண்ணெய் ஒறைஞ்சு போகும். அதுக்கு வேலை குடு. காணும் பொங்கலுக்கு திருக்கடையூர் ரேக்ளாவுக்குக் கட்டிக்கிட்டு வா. சின்ன மாடு, நடு மாடு, பெரிய மாடு, அப்பறம் குதிரைங்க. ஆனா அங்க எவனும் நேரம் குறிக்க மாட்டான். யாரு முன்னாடி வந்தான்ங்கறதுதான் கணக்கு. நேரம் குறிக்கணும்னா நரேன் ஊருப் பக்கம் போகணும், பொள்ளாச்சி, உடுமலை. அங்க 200 மீட்டர், 300 மீட்டர்னு அளந்து வச்சு வண்டியை ஒவ்வொண்ணா விட்டு செகண்டு பாக்குறாங்க. நெசமாப் பந்தயக் கடியாரத்துக்கு வேலை இருக்கிற எடம் தமிழ்நாட்டுல அதுதான். மரையை முன்னாடியே இளக்கி வச்சுக்க. 200 மீட்டரை ஒரு ஜோடி பதினஞ்சு செகண்டுல ஓடுச்சுன்னு வை, உன் முள்ளு 240ல நிக்கும். உடனே மாட்டுக்காரன்கிட்ட ஓடிப்போய், "அண்ணே, உங்க மாடு 240 கிலோமீட்டர் வேகம்"னு சொல்லி அவரை உசுப்பேத்தாத. அந்த எண் முழு கிலோமீட்டருக்கு; 200 மீட்டருக்கு அஞ்சால வகுக்கணும். 48 வரும். அதுவும் 60க்குக் கீழதான், நம்ம டவுன் பஸ் கோஷ்டி.

அடுத்த மாசம் பொறையாருக்குப் பொண்ணு பாக்கப் போறப்ப கட்டிக்கிட்டு வரப் போறேன்னு உங்க அம்மாகிட்ட சொன்னியாமே. வா, வேணாம்னு சொல்லல. பொண்ணோட அப்பா வாத்தியாரா இருந்து ரிட்டயரானவரு, பஞ்சாங்கமும் பேனாவுமா உக்காந்திருப்பாரு. உன் மணிக்கட்டைப் பாத்ததும் சும்மா இருக்க மாட்டாரு, "மாப்ள, இன்னைக்கு என்ன தேதி?"ன்னு ஒரு கேள்வி போடுவாரு. நீ கையைத் திருப்பிப் பாக்காத. செருப்பைக் கழட்டிட்டு உள்ள நுழையறப்பவே, அவங்க வீட்டு நாள்காட்டி எந்தச் செவுத்துல தொங்குதுன்னு ஒரு நோட்டம் விட்டு வச்சுக்க.